91 ஏன் பிழை? எதுவரை வகுத்துப் பார்ப்பது?

6 ஒக்டோபர் 2024, மாலை. கோண்டாவிலிலிருந்து ஒரு தாயின் கேள்வி

மகள் தரம் 6. தவணைப் பரீட்சையில் 90க்கும் 100க்கும் இடையில் உள்ள முதன்மை எண்களை (1, தன்னெண் என இரண்டே எண்களால் மீதியின்றிப் பிரியும் எண்களை) எழுதச் சொல்லியிருந்தார்கள். 91, 97 என்று எழுதினாள். 91க்குக் குறுக்கே சிவப்புக் கோடு. தனியார் வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி இரட்டை எண்ணா என்று பார்த்தாளாம், இலக்கங்களைக் கூட்டி 3ஆல் பிரிகிறதா என்று பார்த்தாளாம், 5இலோ 0இலோ முடிகிறதா என்று பார்த்தாளாம். மூன்றும் இல்லை. "அப்படியென்றால் இன்னும் எத்தனை எண்ணால் வகுக்க வேண்டும் அம்மா, 90 வரைக்குமா?" என்று அழுகிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஒக்டோபர், இரவு 9.40

7 × 13 = 91. பிள்ளையை அழவேண்டாம் என்று சொல்லுங்கள். 91இல் விழாத ஆள் இந்த ஊரில் இல்லை. நாம் வாய்ப்பாட்டைப் பன்னிரண்டோடு நிறுத்திவிடுகிறோம். 7 × 12 = 84. அதற்கு அடுத்த படியில்தான் 91 ஒளிந்து நிற்கிறது. 51, 57, 87, 119, 133 எல்லாமே முதன்மை எண்போல முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் எண்கள்தான்.

மகள் கேட்ட இரண்டாவது கேள்வி உங்கள் கேள்வியை விட நல்ல கேள்வி. 90 வரை வேண்டாம். 9 வரை போதும். அதிலும் 2, 3, 5, 7 என்ற நான்கு மட்டும். ஏன் என்பதை நாளை எழுதுகிறேன். கடையின் மாதக் கணக்கு இன்னும் முடியவில்லை.

7 ஒக்டோபர், இரவு

நேற்றைய பாக்கி.

பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸின் நெற்றியில் 750 என்று இருக்கும். அந்த எண்ணையே எடுப்போம். அதன் காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடினால் இரண்டு மூன்று கட்டாயம் விடுபடும். சோடி சோடியாகத் தேடினால் விடுபடாது.

1 × 750
2 × 375
3 × 250
5 × 150
6 × 125
10 × 75
15 × 50
25 × 30

இடப்பக்கம் ஏறுகிறது, வலப்பக்கம் இறங்குகிறது. 25க்கும் 30க்கும் வந்தபோது இரண்டும் முட்டிக்கொள்ளும் தூரத்துக்கு வந்துவிட்டன. இனி இடப்பக்கத்தில் 30 வந்தால் வலப்பக்கத்தில் 25 வரும். அது மேலே எழுதிய சோடியேதான், தலைகீழாக. ஆகவே தேடல் முடிந்தது. எட்டுச் சோடிகள், 16 காரணிகள். அந்த முட்டும் இடத்துக்குப் பெயர் வர்க்கமூலம். 27 × 27 = 729, 28 × 28 = 784. எனவே 750க்கு அது 27ஐத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் இருக்கிறது.

91க்கு வாருங்கள். 9 × 9 = 81, 10 × 10 = 100. 91ஐ இரண்டு எண்களின் பெருக்கமாக எழுத முடியுமென்றால் இரண்டுமே 10 அல்லது அதற்கு மேல் இருக்க முடியாது, 100ஐத் தொட்டுவிடும். ஒருவராவது 9க்குள் இருந்தாக வேண்டும். தேடுவதென்றால் சின்னவரைத் தேடுங்கள், பெரியவர் தானாகப் பின்னால் வருவார். 9 வரையிலும் எல்லா எண்ணாலும் வகுக்கத் தேவையில்லை. 2ஆல் பிரியாத எண் 4ஆலும் 6ஆலும் 8ஆலும் பிரியாது. 3ஆல் பிரியாதது 9ஆல் பிரியாது. மிஞ்சுவது 2, 3, 5, 7. மகள் மூன்றைப் பார்த்துவிட்டு நான்காவது வாசற்படியில் நின்றுவிட்டாள்.

150க்குள் எந்த எண் வந்தாலும் இந்த நான்கும் போதும் என்று சொல்லிக் கொடுங்கள்.

8 ஒக்டோபர், காலை 6.15

கடைசி வரியைத் திருத்துகிறேன். கீரிமலையிலிருந்து ஒருவர் "143?" என்று ஒரே சொல்லில் கேட்டிருக்கிறார். 11 × 13. என் நான்கு எண்களில் ஒன்றுக்கும் அது அகப்படாது. 121உம் அப்படித்தான், 11 × 11. நான்கு எண்கள் 120 வரைதான் போதும். 121இலிருந்து 168 வரை 11ஐயும் சேர்த்து ஐந்து. 169இல் 13 வந்து சேரும். ஏன் 169? 13 × 13. ஒவ்வொரு முதன்மை எண்ணும் தன் வர்க்கத்தில்தான் வேலைக்கு வருகிறது, அதற்கு முன் அதைக் கூப்பிட வேண்டியதில்லை. இதை நேற்று நானே எழுதிவிட்டு நானே மறந்து 150 என்று போட்டேன். இரவு பதினொரு மணிக்குக் கணக்கு எழுதக் கூடாது.

10 ஒக்டோபர்

"இலக்கங்களைக் கூட்டினால் ஏன் 3ஆல் பிரிவது தெரிகிறது? மந்திரமா?" என்று உரும்பிராய்ப் பெடியன் ஒருவன் கேட்டிருக்கிறான். பாடப் புத்தகத்தில் இலக்கச் சுட்டி என்று வரும் இடம் அது. செய்யத் தெரிந்த பிள்ளைகள் நிறைய, காரணம் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

கொழும்பு பஸ்ஸின் எண் 87. அத்தனை பனங்கிழங்கு உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். பத்துப் பத்தாகக் கட்டினால் எட்டுக் கட்டு, உதிரி ஏழு. மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து ஒன்பதைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், ஆளுக்கு மூன்று. கட்டுக்கு ஒரு கிழங்கு மிஞ்சும். எட்டுக் கட்டில் எட்டுக் கிழங்கு, உதிரி ஏழு, சேர்த்தால் 15. அது மூன்று பேருக்குப் பிரியும். ஆகவே 87ம் பிரியும், ஆளுக்கு 29. நீங்கள் கூட்டிய 8ம் 7ம் இலக்கங்கள் அல்ல, மிஞ்சிய கிழங்குகள். நூறு கிழங்குக் கட்டிலும் இதே கதை, 99ஐக் கொடுத்தால் ஒன்று மிஞ்சும். 9ஆல் பிரிகிறதா என்று பார்ப்பதற்கும் இதே காரணம்தான்.

7க்கு இப்படி அழகான வழி இல்லை. கடைசி இலக்கத்தை இரட்டித்து மீதியிலிருந்து கழிக்கும் வழி ஒன்று உண்டு: 91இல் 9இலிருந்து 2ஐக் கழித்தால் 7, பிரிகிறது. 133இல் 13இலிருந்து 6ஐக் கழித்தால் 7, அதுவும் பிரிகிறது. நான் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதை நினைவுபடுத்தும் நேரத்தில் பிள்ளை வகுத்தே முடித்துவிடும்.

10 ஒக்டோபர், சற்று நேரம் கழித்து

சென்னையிலிருந்து எழுதும் அன்பர், "முதன்மை எண் என்கிறீர்களே, நாங்கள் பகா எண் என்போம், பகு எண் என்போம்" என்கிறார். எங்கள் பாடப் புத்தகத்தில் முதன்மை எண், சேர்த்தி எண். உங்கள் சொல்தான் எனக்குப் பிடிக்கும், பகாது என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் பொ.கா.பெ., பொ.ம.சி. இரண்டையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொதுக் காரணிகளுள் பெரியது, பொது மடங்குகளுள் சிறியது. கணக்குத் தெரியாதவர்கூட அந்தப் பெயரைப் பிரித்தால் என்ன தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

13 ஒக்டோபர், ஞாயிறு

மழை. கடை இல்லை. ஆகவே நீளமாக எழுதப் போகிறேன், விருப்பமில்லாதவர்கள் கடந்து போகலாம்.

எனக்கு "எங்கே நிறுத்துவது" என்ற பைத்தியம் பிடித்தது 1993இல். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட காலம். பற்றரி வராது, ஆகவே கல்குலேற்றர் இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் வித்தியாசம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு விலை சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதன்மேல் சொட்டுக் கணக்கில் எண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வில் ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில் நானும் அண்ணாவும் முகத்துக்கு முகம் இருந்து படிப்போம். அண்ணா உயர்தரம், ஆகவே விளக்கு அவர் பக்கம்.

வகுப்பில் ஆசிரியர் யூக்ளிட்டின் நிறுவலைச் சொல்லியிருந்தார். முதன்மை எண்கள் முடிவில்லாதவை என்பதற்கானது. இருக்கும் முதன்மை எண்களை எல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்பார் யூக்ளிட். 2 × 3 + 1 = 7, முதன்மை. 2 × 3 × 5 + 1 = 31, முதன்மை. 7ஐயும் சேர்த்தால் 211, முதன்மை. 11ஐயும் சேர்த்தால் 2311, அதுவும் முதன்மை. நான் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதினேன்: இப்படிச் செய்தால் எப்போதும் முதன்மை எண் வரும். எனக்கு வயது பதின்மூன்று. உலகத்தில் இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான் என்று அன்று மாலை முழுவதும் இருந்தது.

இரவு 13ஐச் சேர்த்தேன். 30031. வர்க்கமூலம் 173. அதுவரை உள்ள முதன்மை எண்களால் வகுக்க வேண்டும். 2இலிருந்து 13 வரை வகுக்கத் தேவையில்லை, எல்லாவற்றிலும் மீதி 1 வரும் என்று தெரியும். 17இல் தொடங்கினேன். 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53. ஒவ்வொரு வகுத்தலுக்கும் எண்ணெய் போகிறது. அண்ணா "இன்னும் எத்தனை?" என்கிறார். 59இல் மீதி இல்லை. 59 × 509. என் தேற்றம் ஒரே இரவில் தொடங்கி ஒரே இரவில் முடிந்தது.

யூக்ளிட் அப்படிச் சொல்லவே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. பெருக்கி ஒன்று கூட்டி வரும் எண் முதன்மை என்று அவர் சொல்லவில்லை. அந்த எண்ணைப் பிரிக்கும் முதன்மை எண் எதுவானாலும் அது உங்கள் பட்டியலில் இல்லாதது என்றுதான் சொன்னார். 59 என் பட்டியலில் இல்லை. அவர் சரி, நான்தான் பிழை.

15 ஒக்டோபர்

ஞாயிறு எழுதியதில் ஒரு பொய் கலந்துவிட்டது. அண்ணா வாசித்துவிட்டு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அன்றிரவு நான் 59 வரை போகவில்லையாம். 47இல் எண்ணெய் முடிந்துவிட்டது, நான் முணுமுணுத்துக்கொண்டே படுத்தேன், 59ஐ மறுநாள் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு அவர்தான் மனத்தால் வகுத்துக் கண்டார் என்கிறார். முப்பத்தொரு ஆண்டுகளாக இந்தக் கதையை என் கதையாகவே சொல்லி வந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் கிணற்றுக்கட்டில் ஈரவிரலால் 59 × 509 என்று எழுதிக் காட்டிய கை நினைவுக்கு வருகிறது. அது என் கை இல்லை.

20 ஒக்டோபர்

"காரணி, மடங்கு எல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானே, வாழ்க்கையில் எங்கே வருகிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். காணியில் வரும்.

எங்கள் மேட்டு நிலக் கணக்கில் ஒரு பரப்பு 18 குழி, 16 பரப்பு ஒரு ஏக்கர். வயற்கணக்கு வேறு, அதை இங்கே இழுக்கவில்லை. 18ஐப் பாருங்கள்: 1, 2, 3, 6, 9, 18. இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை, ஆறு பிள்ளை என்றால் ஒரு பரப்பு குழி உடையாமல் பிரியும். ஏக்கர் என்றால் 288 குழி, அதற்குக் காரணிகள் பதினெட்டு. பிரித்துக் கொடுப்பதற்கென்றே அமைந்த அளவை. பத்தின் அடுக்கில் அளந்தால் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒவ்வொரு முறையும் தசமப் புள்ளி வந்து குந்திக்கொள்ளும்.

அம்மம்மாவின் காணி 7 பரப்பு 1 குழி. வாரிசு மூவர்: அம்மா, இரண்டு மாமாமார். 7 × 18 + 1 = 127 குழி. 127க்கு 2, 3, 5, 7, 11 ஐந்தையும் போட்டுப் பாருங்கள். ஒன்றிலும் பிரியாது. முதன்மை எண். மூவருக்கும் பிரியாது, நால்வருக்கும் பிரியாது, அம்மம்மா எத்தனை பிள்ளை பெற்றிருந்தாலும் பிரியாது. மூன்றில் ஒரு குழி என்பது ஐம்பது சதுர அடி. கோழிக்கூடு வைக்கும் இடம். அதற்காகப் பெரிய மாமாவும் சின்ன மாமாவும் ஒரு வருடம் பேசாமல் இருந்தார்கள். பின்னப் பகுதியைக் காணி உறுதியில் எழுதலாம் என்று நொத்தாரிசு சொன்னார். பெரிய மாமா, "தசமப் புள்ளிக்குப் பின்னால் எனக்குக் காணி வேண்டாம்" என்றார்.

அம்மா ஒரு நாள் அடுப்படியில் இருந்தபடியே சொன்னார்: "அந்த ஒரு குழியைக் கிணற்றுக்குப் போகிற ஒழுங்கைக்கு விடுங்கள்." மீதி 126. மூன்றால் வகுத்தால் 42, அதாவது ஆளுக்கு 2 பரப்பு 6 குழி. கிணறு பொது, வழி வாய்க்கால் பொது. உறுதி எழுதி முடிந்த அன்று இரண்டு மாமாமாரும் அந்த ஒழுங்கையில்தான் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள். அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 127 முதன்மை எண் என்று நான் இதுவரை அவருக்குச் சொல்லவில்லை.

22 ஒக்டோபர்

செய்தியைப் பார்த்தீர்களா? இதுவரை தெரிந்தவற்றுள் மிகப் பெரிய முதன்மை எண்ணை நேற்று அறிவித்திருக்கிறார்கள். 2ஐ 136,279,841 தடவை எழுதிப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண். 41,024,320 இலக்கங்கள். கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் லூக் டுரான்ட். உலகம் முழுவதும் தொண்டர்கள் தங்கள் கணினிகளைக் கொண்டு இந்த வகை எண்களைத் தேடும் கூட்டு முயற்சியில் இருப்பவர். இதற்கு முந்தியது 2018இல் வந்தது, 24,862,048 இலக்கங்கள்.

பக்கத்துக்கு 2000 இலக்கம் வீதம் 80 பக்கக் கொப்பியில் எழுதினால் 257 கொப்பி வேண்டும். 257ம் முதன்மை எண். தற்செயல்தான், ஆனால் கணக்குப் பார்த்தவுடன் சிரித்தேன்.

இந்த வகையில் 2இன் வலு, அதாவது 2ஐ எத்தனை தடவை எழுதிப் பெருக்குகிறோமோ அந்த எண், முதன்மை எண்ணாக இருந்தால்தான் விடையும் முதன்மையாக இருக்க வாய்ப்பு உண்டு. இதையும் மறுபக்கம் திருப்பிப் பிடித்துவிடாதீர்கள், 1993இல் நான் செய்ததுபோல. 11 முதன்மை எண். 2இன் 11ஆம் வலுவில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 × 89.

23 ஒக்டோபர்

இணுவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மடக்கியிருக்கிறார்: "தம்பி, வர்க்கமூலம் வரை வகுத்துப் பார் என்கிறீர். நாலு கோடி இலக்க எண்ணுக்கு வர்க்கமூலமே இரண்டு கோடி இலக்கம். அதுவரை வகுத்தால் சூரியன் அணைந்துவிடாதா?"

அணைந்துவிடும், ஐயா. அவர்கள் வகுத்துப் பார்க்கவில்லை. காரணியைக் காணாமலே ஓர் எண் முதன்மை இல்லை என்று சொல்ல வழி இருக்கிறது. எனக்கே இது நாற்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது. நம்முடைய 91ஐ வைத்தே காட்டுகிறேன்.

பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640இல் எழுதிய விதி: p முதன்மை எண் என்றால், p ஆல் பிரியாத எந்த எண்ணையும் எடுத்து அதை (p − 1) தடவை பெருக்கி p ஆல் வகுத்தால் மீதி 1. 91 முதன்மை என்றால் 2இன் 90ஆம் வலுவை 91ஆல் வகுக்கும்போது 1 மிஞ்ச வேண்டும். இருபத்தெட்டு இலக்க எண் என்று பயப்பட வேண்டாம். 2இன் 12ஆம் வலு 4096. 91 × 45 = 4095. மீதி 1. பன்னிரண்டு தடவைக்கு ஒருமுறை மீதி 1 என்றால் 84ஆம் வலுவிலும் மீதி 1. இன்னும் ஆறு தடவை இரட்டித்தால் 90ஆம் வலு, மீதி 64. ஒன்று வரவில்லை. ஆகவே 91 முதன்மை எண் அல்ல. 7ஐயும் பார்க்கவில்லை, 13ஐயும் பார்க்கவில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. 2க்குப் பதில் 3ஐ எடுங்கள். 3இன் 6ஆம் வலு 729. 91 × 8 = 728. மீதி 1. 90 என்பது ஆறின் மடங்கு, ஆகவே 90ஆம் வலுவிலும் மீதி 1. 3ஐக் கேட்டால் 91 நல்ல பிள்ளை என்று சாட்சி சொல்லும்! 341 என்ற எண் 2இடமே தப்பிவிடும், அது 11 × 31. 561 இன்னும் மோசம். தன்னுடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைச் சாட்சிக்குக் கூப்பிட்டாலும் முதன்மை என்றே சொல்லும், உண்மையில் 3 × 11 × 17. ஆகவே பெரிய எண்களில் இந்தச் சோதனையில் தேறியதும் வேறு கடுமையான சோதனை நடத்துகிறார்கள். டுரான்டின் எண்ணுக்கும் அப்படித்தான் நடந்தது. 11ஆம் திகதி முதற்சோதனையில் தேறியது, 12ஆம் திகதி லூக்கா–லேமர் சோதனையில் உறுதியானது.

23 ஒக்டோபர், பின்னிரவு

படுக்கப் போனவன் எழும்பி வந்தேன். முதன்மையா என்று சொல்வதும் காரணியைக் கண்டுபிடிப்பதும் இரண்டு வேறு வேலை என்று மேலே தெளிவாகச் சொல்லவில்லை. 2இன் 67ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண் முதன்மை அல்ல என்று எதுவார் லூக்கா 1876இல் காட்டினார், காரணி எதையும் சொல்லாமலே. காரணி 27 ஆண்டுகளுக்குப் பிறகுதான் வந்தது. 1903இல் அமெரிக்காவின் ஃபிராங்க் நெல்சன் கோல், 193,707,721 × 761,838,257,287 என்று காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று ஆண்டு உழைத்தேன் என்று அவர் சொன்னதாகக் கதை.

முதன்மையா இல்லையா என்பதை எந்த எண்ணுக்கும் சந்தேகத்துக்கு இடமில்லாமல், நியாயமான நேரத்துக்குள் தீர்க்கலாம் என்று 2002இல் நிறுவியவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. காரணி காண்பதற்கு அப்படி ஒரு வழி சாதாரணக் கணினிகளுக்கு இன்றுவரை அகப்படவில்லை. அகப்பட்டால் இணையத்தில் காசு அனுப்புகிறவர்கள் எல்லாரும் தலையில் கை வைக்க வேண்டும். அங்கே பயன்படும் பூட்டுகளில் ஒரு வகை, இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி, பெருக்கத்தை வெளியில் விட்டு, காரணிகளை மறைத்து வைப்பதுதான்.

27 ஒக்டோபர்

மடங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, பாவம். காரணிக்கு முடிவு உண்டு, மடங்குக்கு முடிவு இல்லை என்பதை விட்டால் சொல்ல அதிகம் இல்லை. பிள்ளைகள் இரண்டையும் மாற்றி எழுதுவார்கள். 12இன் காரணி 12க்குள் அடங்கும், 12இன் மடங்கு 12இல் தொடங்கி வெளியே நடக்கும். 0ம் மடங்குதான், 12 × 0. ஆகவே 12இல் தொடங்கும் என்று நான் எழுதியதும் முழுக்கச் சரியில்லை, பூச்சியத்தை வாசலில் விட்டுவிட்டேன்.

பொ.ம.சி.க்கு நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பிரபவ தொடங்கி அட்சய வரை ஏன் அறுபது வருடம்? வியாழன் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 வருடம், சனி ஏறத்தாழ 30 வருடம். 12க்கும் 30க்கும் பொ.ம.சி. 60. இரண்டும் புறப்பட்ட இடத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் திரும்பி வர அத்தனை வருடம். சாத்திரியார் இதைச் சொல்லமாட்டார், பரிகாரம் மட்டும் சொல்லுவார்.

9 நவம்பர், சனி

கோண்டாவில் தாயும் மகளும் இன்று வந்திருந்தார்கள். கொக்குவிலுக்கும் கோண்டாவிலுக்கும் சைக்கிள் தூரம்தானே. விறாந்தையில் பாய் போட்டு, பெரிய காட்போட் மட்டையில் 1 முதல் 100 வரை கட்டம் கட்டமாக எழுதி, புளியங்கொட்டையைக் கையில் கொடுத்தேன். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தைப் பார்த்துக்கொண்ட எரதொஸ்தனீசின் அரிதட்டு. 2ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளை எல்லாம் கொட்டையால் மூடு. பிறகு 3, பிறகு 5.

மூன்று சுற்று முடிந்ததும் மட்டை கறுத்துவிட்டது. பிள்ளை 7க்கு வந்தாள். 14இல் கொட்டை, 21இல் கொட்டை, 28, 35, 42 எல்லாம் ஏற்கெனவே மூடியிருக்கிறது. "மாமா, 7க்கு வேலையே இல்லையே" என்றாள். 49இல் முதல் புதுக் கொட்டை. 56, 63, 70 மூடியவை. 77இல் ஒன்று. 84 மூடியது. 91இல் ஒன்று. 98 மூடியது. முடிந்தது.

நூற்றுக்குள் 7 புதிதாகப் பிடிக்கும் எண்கள் மூன்றே மூன்று: 49, 77, 91. நான் இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தும் இதைக் கவனித்ததில்லை. 49ம் 77ம் வாய்ப்பாட்டில் உள்ளவை, எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே 2, 3, 5ஐ மட்டும் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு நூற்றுக்குள் ஒரே ஒரு குழிதான் வெட்டப்பட்டிருக்கிறது, அது 91. கேள்வித்தாள் எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது. 6ஆம் திகதி 51ஐயும் 57ஐயும் 87ஐயும் 91உடன் சேர்த்து எழுதியிருந்தேன். அவை மூன்றும் இலக்கம் கூட்டினால் பிடிபட்டுவிடும், 91உடன் ஒரே வரிசையில் வைத்தது பிழை.

மூடாத கட்டங்களை எண்ணச் சொன்னேன். 26 என்றாள். 1ஐயும் சேர்த்து எண்ணிவிட்டாள். 1க்குக் காரணி ஒன்றுதான், முதன்மைக்கு இரண்டு வேண்டும் என்று சொன்னதும் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அதற்குத் தனிக் கொட்டை" என்று முற்றத்தில் கிடந்த வேப்பங்கொட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். மீதி 25.

30 நவம்பர்

ஒரு கிழமையாக அடை மழை, கிணறு விளிம்புவரை நிற்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு தாய் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். தான் தரம் 9க்குப் போகும் 2027 முதன்மை எண்ணா என்று பார்க்கும்படி பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை, அவளாகச் செய்திருக்கிறாள். கொப்பியின் மேலே 45 × 45 = 2025 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள். கீழே 43 வரை பதினான்கு முதன்மை எண்கள், பக்கத்தில் பதினான்கு மீதி:

1, 2, 2, 4, 3, 12, 4, 13, 3, 28, 12, 29, 18, 6.

ஒன்றும் பூச்சியம் இல்லை. அதற்குக் கீழே "நிறுத்தலாம்" என்று எழுதியிருக்கிறாள்.

29க்கு மீதி 28 அல்ல, 26. 29 × 69 = 2001. அதைச் சுழித்து மற்றப் பதின்மூன்றுக்கும் சரி போட்டு அனுப்பினேன்.